அரசே வேண்டாம் என்றவர்

'அராஜகம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது யாது? உடைந்த பேருந்துக் கண்ணாடி, எரியும் கடை, அஞ்சி ஓடும் மக்கள். ஆனால் அரசன் இல்லாமை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அரசன் இல்லாவிடில் குழப்பமே மிஞ்சும் என்று நாம் முடிவு கட்டிவிட்டதால், இரண்டும் ஒன்றாகிவிட்டன. அம்முடிவு சரிதானா என்று தம் பிற்பாதி வாழ்வெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா.

பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' இதழை நடத்திய மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்தவர் இவர். 1908இல் ஆங்கில அரசின் நெருக்கடியால் அவ்விதழ் புதுச்சேரிக்குப் பெயர்ந்தபோது உடன் உழைத்தார். பின்னர் இலண்டன், பாரிசு, பெர்லின் எனப் புரட்சியாளர்களோடு அலைந்தார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர் இவரே. ஆனால் எம்.என். ராயோடு முரண்பட்டு, மறு ஆண்டே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சோவியத்து ஆட்சியை அருகிருந்து கண்ட பின், அரசு என்னும் அமைப்பின் மீதே நம்பிக்கை இழந்து, பெர்லினில் அராஜகவாதியானார். ருசிய ஓவியரான மனைவி மக்தா நாஹ்மனுடன் 1935இல் பம்பாய் திரும்பினார். மனைவியை 1951இல் இழந்தபின் வறுமையிலும் நோயிலும் வாடி, 1954இல் மறைந்தார்.

1923 முதல் 1953 வரை அவர் எழுதிய கட்டுரைகளை ஓலே பிர்க் லார்சன் தொகுத்து, 2019இல் ஆங்கில நூலாக வெளியிட்டுள்ளார். அவற்றின் மையக் கருத்து எளியது. வெள்ளையன் அமர்ந்த நாற்காலியில் இந்தியன் அமர்வதால் மட்டும் ஏழைக்கு விடுதலை கிட்டாது. முதலாளியின் இடத்தில் அரசே முதலாளியாக அமர்ந்தாலும் உழைப்பவன் கூலியாளாகவே இருப்பான். அரசு வன்முறையில் நிற்பது. ஆகவே வன்முறையால் அதை வீழ்த்துவோர் மற்றோர் அரசையே படைப்பர். இதனால்தான் ஆயுதப் புரட்சியில் தொடங்கிய இவர், காந்தியடிகளின் அகிம்சையைக் கருத்தோடு நோக்கினார். தன்னாட்சி பெற்ற சிற்றூர்களைக் கனவு கண்டார். நம் சின்னாளப்பட்டிக்கு அருகே 1947இல் காந்திகிராமம் தொடங்கப்பட்டபோது, ஊர் தன் காலில் நிற்க வேண்டும் என்ற அதே ஏக்கம் வேறு வடிவில் செயலாயிற்று எனலாம்.

விவிலியம் அறிந்தோர்க்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று. தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேலர் கேட்டபோது, உங்கள் புதல்வரையும் வயல்களையும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையும் அவன் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் அறிவுறுத்தவில்லையா? ஆச்சார்யா அவ்விறைவாக்கினரின் பக்கம் நிற்கிறார். ஆயினும் அதே விவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூலும் உண்டு. அரசனற்ற அக்காலத்தில் அவரவர் தமக்குச் சரியெனப்பட்டதைச் செய்தனர். கிபயா நகரில் ஆதரவற்ற ஒரு பெண் அதற்குப் பலியானாள். இந்த இரண்டாம் பக்கத்தை ஆச்சார்யா போதிய அளவு புரட்டவில்லை என்பதே என் குறை.

இருபது ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றினேன். ஒரு தெருவாரின் இறந்தோரைப் பெரிய தெரு வழியே கல்லறைக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்பது ஊர்க்கட்டு. சேற்று வயலில் இறங்கியே பாடை போகும். அங்கே காவலர் இல்லை, எழுதப்பட்ட சட்டம் இல்லை. ஊர் தானாகவே ஒருமனதாக முடிவு செய்திருந்தது. இரு தெருவாரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். நானோ பொறுமை காக்கும்படி வயலில் இறங்கியவர்களுக்கே அறிவுரை கூறிக்கொண்டிருந்தேன். இறுதியில் ஒரு கைம்பெண் மனு எழுதினார். அதிகாரி ஒருவரின் ஆணையால் வழி திறந்தது. அன்று அத்தெருவுக்கு நீதி, அரசு முத்திரையிட்ட தாளில் வந்தது. என் மறையுரையில் வரவில்லை.

ஊரே அரசாகி ஒடுக்கும்போது எளியவர் எங்கே போவார்? இக்கேள்விக்கு ஆச்சார்யாவிடம் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலில் நடுவழி ஒன்றைக் காட்டினார். சிறு குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது; ஆனால் அவற்றுக்குத் துணைசெய்யும் கடமை அதற்கு உண்டு. ஆச்சார்யா இதன் முதற்பாதியை உயிரைக் கொடுத்துக் கற்பித்தார். பிற்பாதியை அந்தக் கைம்பெண் எனக்குக் கற்பித்தார்.

எனினும் ஆச்சார்யாவை இத்துடன் மூடிவைத்துவிட முடியவில்லை. அவர் இன்றிருந்தால், "அந்தப் பாதையைத் திறக்க அதிகாரி எதற்கு? நீங்களே ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டிருப்பார். நம் அன்பியக் கூட்டங்களில் பங்குத்தந்தை வந்து அமரும்வரை பலர் வாய் திறப்பதில்லை. அவர் சொன்னபின் மறுப்பதும் இல்லை. தாமே கூடி, தாமே சிந்தித்து, எளியவர் பக்கம் முடிவெடுக்கப் பழகாத சமூகத்துக்கு என்றும் ஓர் அதிகாரி தேவைப்படுவார். அந்த அதிகாரியாக இருந்து பழகிப்போன எனக்கும் அவருடைய கேள்வி உரியதே.