பந்து இல்லாத இடத்தைப் பார்க்கிறவன்

திரௌபதி அம்மனுக்கு மூலக் கோயில் என்று சொல்லப்படும் மேலச்சேரி, எங்கள் செஞ்சிப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் எங்கள் அனந்தபுரத்துக்காரனுக்குப் பாரதக் கூத்துப் பார்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துரியோதனன் சாகப்போகிறான் என்பது பாய் விரிக்கும்போதே தெரியும். தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷம் இன்னும் கண்ணில் படாது, பின்னாலிருந்து சலங்கை மட்டும் கேட்கும். தூங்கி வழிந்தவனும் அப்போது நிமிர்ந்துவிடுவான். பெரிசுகளோ திரையைப் பார்ப்பதே இல்லை, மிருதங்கக்காரர் கையைப் பார்ப்பார்கள். வேஷக்காரர் எப்போது சுற்றப்போகிறார் என்பது அந்தக் கையில் ஒரு நொடி முன்னாலேயே தெரிந்துவிடுமாம்.

அதே பார்வை கால்பந்துக்கும் வேண்டும் என்பது சென்னை நேரு ஸ்டேடியத்தின் கேலரியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நான் டிவி ரசிகன். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், நாமும் அதோடு ஓடுவோம். கேலரியில் உட்கார்ந்தால் மொத்த மைதானமும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகிறது. பந்து எதிர் கோலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, இங்கே நம் நான்கு டிஃபெண்டர்களும் ஒரே கயிற்றில் கட்டினதுபோல் பத்தடி முன்னால் ஏறுகிறார்கள். ஒருவர் மட்டும் பின்தங்கினால் கோல் கீப்பர் கத்துகிறார். ரைட் பேக் ஒருமுறை தண்ணீர் குடிக்க ஓரத்துக்குப் போய்த் திரும்ப நாலு விநாடி தாமதித்தார். அந்த ஓட்டை வழியாகத்தான் பந்து வரப்போகிறது என்று எனக்கு முன்வரிசையில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது!

கார்னர் கிக்தான் எனக்குக் கூத்தின் திரை. 2017-18 சீசனில் சென்னையின் எஃப்சிக்குக் கார்னர் கிடைத்தால் விவரம் தெரிந்தவர்கள் கொடிக் கம்பத்தைப் பார்க்கமாட்டார்கள். கூட்டத்துக்குள் மைல்சன் ஆல்வஸ் எங்கே நிற்கிறார், யாருடைய தோளில் சாய்ந்திருக்கிறார் என்று தேடுவார்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். 9ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி பெங்களூருவுக்கு முதல் கோல் அடித்தார். பிறகு இரண்டு கார்னர், இரண்டிலும் மைல்சனின் தலை. மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. எனக்கு டிக்கெட் கிடைக்காமல் அதை டிவியில்தான் பார்த்தேன். பந்து பறந்து வந்தபிறகுதான் கேமரா மைல்சனைக் காட்டியது. அதாவது வேஷம் வெளியே வந்துவிட்டது, திரையை நான் பார்க்கவே இல்லை.

சென்னையில் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் உண்டு. நீல ஜெர்சி, மேளம், துணிப் பதாகை, தொண்ணூறு நிமிடமும் நின்றபடி பாட்டு. முதல் தடவை பார்த்தபோது நம்மூர் நடிகர் மன்றத்து ஆரவாரம்தானே இது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒருவரைக் கவனித்தேன். வேலியோரம் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி, எங்களைப் பார்த்து நின்றிருந்தார். பாட்டை எடுத்துக்கொடுப்பதும், மேளத்தை ஏற்றி இறக்குவதும், எதிரணி பெனால்டிக்குத் தயாரானதும் விசிலுக்குக் கை காட்டுவதும் அவர் வேலை. ஆட்டம் போகிற போக்கை எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கோல் விழுந்தபோதும் அவர் திரும்பியிருக்கவில்லை. கேலரி எழுந்ததைப் பார்த்துக் கத்தினார், அதற்குப் பிறகுதான் திரும்பினார். காசு கொடுத்து உள்ளே வந்து கோலைப் பார்க்காமல் போகிற ஆள்! ரசிகன் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தங்களோடு அன்று இன்னொன்றும் சேர்ந்தது.

வெளிநாட்டுக் கிளப்பை நேசிப்பவர்களைப் போலி என்று சொல்ல எனக்கு மனமில்லை. திண்டிவனத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மெஸ்ஸி ஜெர்சிமீதுதான் விழவேண்டும். நள்ளிரவு 12.30க்கு மேல் போர்வைக்குள் செல்போனை ஒளித்துக்கொண்டு சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற பையனின் தவிப்பு உண்மையான தவிப்புதான். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு ஆளுயரத்தைப்போலப் பல மடங்கு உயரத்தில் கட்-அவுட் வைத்தார்களே, அதில் காதல் இல்லை என்று யார் சொல்வது? ஒரு குறை மட்டும் உண்டு. அந்தப் பையன் போடுகிற கூச்சல் ஆட்டக்காரரின் காதுக்குப் போகாது.

2018 ஜூனில் இந்திய கேப்டன் சேத்ரி பேசியதும் அதைத்தான். மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரிக்கு மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் வீடியோவில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். ஐரோப்பியக் கிளப்புகளின் ரசிகர்களே, எங்கள் தரம் அந்த அளவுக்கு இல்லைதான், திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்றார். அடுத்த கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

வருவது என்றால் எங்களுக்குச் சின்ன வேலை இல்லை. அனந்தபுரத்திலிருந்து செஞ்சி, செஞ்சியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து சென்னை பஸ். முன்பு கோயம்பேடு, இப்போது கிளாம்பாக்கம். அதற்குமேல் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், பிறகு நடை. 7.30 ஆட்டத்துக்கு மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பவேண்டும். தோற்றால் அத்தனை தூரமும் அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு திரும்பவேண்டும். ஜெயித்தால் தூக்கமே வராது.

2015இல் சென்னையின் எஃப்சி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்து மேலே ஏறிவந்தது. அரையிறுதி வந்தபோது சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்ததால், நம் சொந்த மைதானத்து ஆட்டத்தைப் புனேயில் நடத்தினார்கள். பிறகு கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியதும் என் நண்பர் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். 90இல் கோவா கோல் கீப்பரின் கைப்பட்டே பந்து உள்ளே போனது. இன்ஜுரி டைமில் நம் மெண்டோசா அடித்தார். 3-2. நண்பர் காலையில் பேப்பரைப் பார்த்து நம்பாமல் எனக்கு போன் செய்தார். பத்து வருடமாக அவரை இதைச் சொல்லியே கேலி செய்கிறேன்.

அவரைக் கேலி செய்ய எனக்கும் யோக்கியதை குறைவுதான். பக்கத்துக் கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன், இந்தியாவுக்கு ஆடிய நடுக்களக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அதே வாரம் ஐரோப்பாவில் யார் எந்தக் கிளப்புக்கு மாறுகிறார் என்பது மட்டும் விரல் நுனியில் இருந்தது.

2025 ஜூலையில், லீக் நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஐஎஸ்எல்லை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் தன் அணியின் வேலைகளை நிறுத்தியது. தோற்கிற அணியின் ரசிகனாக இருந்து பழகியிருந்தேன். ஆட்டமே இல்லாத அணிக்கு எப்படி ரசிகனாக இருப்பது? கழுத்தில் போடும் நீலத் துண்டைத் துவைத்து மடித்து வைத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அந்த மாதங்களில் ஒருநாள், வேறு வேலையாகச் சென்னை போய்விட்டு இரவு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடைப் பையன் பார்சிலோனா ஜெர்சியில் இருந்தான். என்னை அவனுக்கு முகம் தெரியும்.

“என்னண்ணே, மேட்ச்சா?”

“மேட்ச் ஏதுப்பா? நிறுத்திவெச்சிருக்காங்க.”

“அப்ப உங்க டீமு?”

“இருக்கு.”

சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தான். செஞ்சிக்குக் கடைசி பஸ் போயிருந்தது.