தேடுபொறியின் பட்டியலும் அரியலூரின் அடுக்குகளும்

‘முதல் மோட்டார் சைக்கிள் எது?’ என்று தேடுபொறியிடம் கேட்டால் ஒற்றை விடை வந்து விழுகிறது: 1885, ஜெர்மனி, டைம்லர். மரச்சட்டம், பெட்ரோல் எஞ்சின், சாயாமலிருக்க இருபுறமும் இரண்டு குட்டிச் சக்கரங்கள். ஆகமொத்தம் நாலு! அதற்கு முன்பே, 1860-களின் கடைசியில், அமெரிக்காவில் ரோப்பரும் பிரான்சில் மிஷோ–பெரோவும் நீராவியால் இருசக்கர வண்டி செய்துவிட்டார்கள். பெட்ரோலில் ஓடுவதே மோட்டார் சைக்கிள் என்ற வரையறையை வைத்துக்கொண்டு, பிறகு மூலத்தைத் தேடிப் போகிறோம். மூலம் என்பது பின்னாலிருந்து எழுதப்படும் கதையாடல்.

அந்தத் தொடக்க நாட்களில் வடிவம் தீர்மானமாகியிருக்கவில்லை. சைக்கிள் கையில் இருக்கு. எஞ்சினை எங்கே மாட்டுறது? இதுதான் அன்றைய சிக்கல். பாரிசில் வெர்னர் சகோதரர்கள் 1897-இல் முன்சக்கரத்துக்கு மேலே மாட்டினார்கள். பாரம் மேலேறி வண்டி சறுக்கியது. 1901-இல் அவர்களே எஞ்சினைச் சட்டத்தின் அடிக்கு இறக்கினார்கள். அதே 1901-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் முதல் வண்டியிலோ எஞ்சின் ஹேண்டில்பார் கழுத்துக்கு முன்னால். அங்கிருந்து நீண்ட தோல் பெல்ட் பின்சக்கரத்தைச் சுழற்றியது. வென்ற வடிவம் ‘இயல்பு’ ஆகிறது, தோற்றவை ‘விநோதம்’ ஆகின்றன.

அந்தக் கம்பெனியின் புல்லட் 1932-இல் பிறந்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1970-இல் தயாரிப்பு நின்ற பிறகும் திருவொற்றியூர் நிறுத்தவில்லை. அந்தப் பழைய வண்டியைத் தமிழில் தேடிப் பாருங்கள். ‘புல்லட்’ என்றால் துப்பாக்கிக் குண்டும் ரயிலும் சேர்ந்தே வரும். என்ஃபீல்டு, என்பீல்டு, என்ஃபீல்ட் என்று எழுத்து மாறினால் பட்டியலும் மாறும்.

ஊர்ப்பெயருக்கும் இதே கதிதான். 1860-களில் பிளான்ஃபோர்டு பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவர் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இன்றைய கூட்டலைத் தட்டுகிறவனுக்கு அந்தப் பழைய ஏடுகள் எளிதில் அகப்படுவதில்லை. ஆனால் மண் அப்படி ஏமாற்றுவதில்லை. கடல் கிடந்த அந்நிலத்தில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. கிளிஞ்சல் கிடைத்த அடுக்கே அதன் காலத்தைச் சொல்லும். தேடுபொறியின் பட்டியலுக்கு இந்த மேல்கீழ் கிடையாது. 1901-ம் நேற்றைய விளம்பரமும் பக்கத்துப் பக்கத்து வரிகள்.

இதில் முதலில் தொலைவது பட்டறை அறிவு. பழைய புல்லட்டை எப்படி உதைப்பது? டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, லீவரை விட்டுட்டு அப்புறம் ஒரே உதை. இல்லேன்னா காலைத் திருப்பி அடிக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இது வாய்வழியாக, கைவழியாக வந்த அறிவு. கம்பெனி கேட்லாக் ஆவணமாகிறது. மெக்கானிக்கின் பேச்சு ஆவணமாவதில்லை. ‘தேடினேன், இல்லை’ என்பது மெல்ல ‘இருந்ததே இல்லை’ என்றாகிவிடுகிறது.

தேடுபொறியைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுதப்படாததை அது எங்கிருந்து கொடுக்கும்? பெரம்பலூர்ப் பட்டறைகளில் எந்தப் பாகத்துக்கு என்ன பேர், எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம் என்பதை, அவர்கள் பேசுகிற சொல்லிலேயே, ஆண்டும் ஊரும் போட்டு எழுதி வைக்க வேண்டும். அதற்கு அந்தக் கைகள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.