ஒரே துருத்தி, இரண்டு கைகள்

அக்கார்டியன் என்றால் பெரும்பாலானோர் விரல்களைத்தான் பார்க்கிறார்கள். விவால்டியின் ‘கோடை’யில் வரும் கடைசிப் புயலை யாராவது அசுர வேகத்தில் வாசித்துக் காட்டினால் போதும், அந்த வீடியோ ஒரு சுற்று வந்துவிடும். லேசான வேலை இல்லைதான். ஆனால் வயலினுக்கு எழுதியதை வயலின் அளவுக்கு வேகமாக வாசிக்க முடிகிறது என்பதைத் தாண்டி அங்கே என்ன நடக்கிறது? இந்த வாத்தியத்தின் நிஜமான கஷ்டம் துருத்தியில் இருக்கிறது.

முழு அளவு அக்கார்டியனில் இடது கைக்கு 120 பொத்தான்கள், ஆறு வரிசை. இரண்டு வரிசையில் தனி ஸ்வரங்கள். மீதி நான்கில் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்டு என்று முன்கூட்டியே கட்டிவைத்த கார்டுகள். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். வால்ட்ஸுக்கும் போல்காவுக்கும் இதைவிட வசதி கிடையாது. ப்ரோகிராமர் பாஷையில் சொன்னால் ரெடிமேட் ஃபங்ஷன், உள்ளே கைவைக்க விடாது. தனி ஸ்வரங்களும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயிக்குள் சுற்றிச்சுற்றி வரும். இடது கையில் ஒரு மெலடி நீளமாக இறங்கிப்போக வழியே இல்லை.

ஃப்ரீ பாஸில் ஒரு பொத்தானுக்கு ஒரு ஸ்வரம், பல ஸ்தாயிகளுக்கு. டென்மார்க்கின் மோகன்ஸ் எல்லகார்ட் மாதிரியானவர்கள் இதற்காக இசையமைப்பாளர்களிடம் புதிதாக எழுதி வாங்கினார்கள்.

பெயரில் ‘ஃப்ரீ’ இருந்தாலும் முழு விடுதலை கிடையாது. இரண்டு கைக்கும் காற்று ஒரே துருத்தியிலிருந்துதான் வருகிறது. பியானோவில் வலது கையை உரக்கவும் இடதை மெல்லவும் வைக்கலாம். இங்கே அழுத்தத்தைக் கூட்டினால் எல்லாக் குரலும் சேர்ந்தே ஏறும். அப்படியானால் பாஹின் ஃபியூகில் மூன்று குரல்களைப் பிரித்துக் காட்டுவது எப்படி? ஸ்வரத்தின் நீளத்தை வைத்துத்தான். ஒரு குரலை ஒட்டி இழைத்து, இன்னொன்றைச் சற்றே நறுக்கி வாசித்தால், காது ஏமாந்து ஒன்று முன்னால் நிற்பதாக எடுத்துக்கொள்ளும். சரி, துருத்தி ஏதோ ஓரிடத்தில் திசை மாறியாக வேண்டுமே? மூன்று குரலும் ஒரே இடத்தில் மூச்சுவிட ஒப்பாது. எங்கே திருப்பினாலும் யாரோ ஒருவருடைய வாக்கியம் நடுவில் அறுபடும். அந்தத் தையலை நல்ல கலைஞர்கள் எப்படி மறைக்கிறார்கள் என்று கேட்கத்தான் நான் இந்தப் பதிவுகளைத் தேடிப்போகிறேன். தியோடோரோ அன்செலோட்டியின் ஸ்கார்லாட்டியை இதற்காகவே கேட்கலாம்.

சோஃபியா குபைதுலினா அந்த மூச்சை மறைக்கவே இல்லை. பயான் என்கிற ரஷ்யப் பொத்தான் அக்கார்டியனில் வாசிக்க, 1978இல் ஃப்ரீட்ரிக் லிப்ஸுக்காக எழுதிய படைப்பு ‘டி ப்ரொஃபுண்டிஸ்’. சங்கீதம் 130இன் லத்தீன் தொடக்கம்தான் தலைப்பு. ஆழத்திலிருந்து ஒருவன் கூப்பிடுகிறான். அடிமட்ட ஸ்வரங்களில் துருத்தி நடுங்குவதில் ஆரம்பித்து மேல் ஸ்தாயிகளை நோக்கி ஏறுகிறது. ஸ்வரங்கள் கொத்துக்கொத்தாகக் குவியும் பகுதிகள் எனக்குக் கொஞ்சம் நீளமாகவே படுகின்றன. ஆனால் இடையில் ஸ்வரமே இல்லாமல் வெறும் காற்று மட்டும் கேட்கிறதே, அதற்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. ஓசையில்லாமல் துருத்தியை மூடுவதற்கென்று அக்கார்டியனில் ஒரு பொத்தான் உண்டு. வாசித்து முடித்தபின் பெட்டிக்குள் வைக்கும்முன் அழுத்துகிற பொத்தான். அதைத்தான் குபைதுலினா கச்சேரியின் நடுவில் அழுத்த வைக்கிறார்.

லிப்ஸின் பதிவில் அந்த இடம் வரும்போது வால்யூமைக் கூட்டாதீர்கள். ராத்திரி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். யாரோ பக்கத்தில் மூச்சு வாங்குவது போலவே இருக்கும்.