ரீபூட் செய்... அப்புறம்?

சமையல் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். கம்ப்யூட்டர் கையேட்டுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. குறையை இந்த வாரம் தீர்த்துவிடலாம். எடுத்துக்கொண்டது, ஆர்ச் லினக்ஸை நிறுவுவதற்கான வழிகாட்டி. இணையத்தில் இலவசம். தன்னார்வலர்கள் எழுதி, திருத்தி, மறுபடி திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஜாதகம். லினக்ஸின் இதயமான கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் 1991-ல் எழுத ஆரம்பித்தார். அதைச் சுற்றி முளைத்த பல குடும்பங்களில் ஒன்று ஆர்ச். கனடாக்காரர் ஜட் வினெட் 2002-ல் தொடங்கியது. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டு காபி குடிக்கப் போகிற சமாசாரம் இல்லை. டிஸ்க்கைப் பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே கட்டளை அடித்துச் செய்யணும். 2021-லிருந்து வேலையைச் சுலபமாக்க ஒரு புரோகிராமும் கூடவே வருகிறது. ஆனாலும் கையால் செய்தால்தான் கௌரவம் என்று நினைப்பவர்கள் நிறைய.

கையேட்டின் நடை பிரமாதம். ஒரு வாக்கியம் வீண் கிடையாது. கீபோர்டு, இன்டர்நெட், பார்ட்டிஷன் என்று படிப்படியாகக் கூட்டிப்போகிறது. 'பூட் லோடர்' என்ற இடம் வந்ததும் திடீரென்று மௌனவிரதம். ஏதாவது ஒரு பூட் லோடரைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ளச் சொல்கிறது. விவரமெல்லாம் வேறு பக்கத்தில். அப்புறம் ரீபூட் செய், பென்டிரைவை எடு, லாகின் பண்ணு. சுபம்.

லாகின் வராமல் கறுப்புத் திரை வந்தால்? மூச்சு இல்லை.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பது ஒரு ரிலே ரேஸ். பட்டனை அமுக்கியதும் போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் விழிக்கிறது. அது பூட் லோடரைத் தேடிப் பிடிக்கிறது. பூட் லோடர் கெர்னலை மெமரிக்குள் ஏற்றுகிறது. கெர்னல் உங்கள் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து மற்றதை ஆரம்பிக்கிறது. குச்சி எங்கே விழுந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

நேராக விண்டோஸ் வந்தாலோ, 'பூட் செய்ய எதுவுமில்லை' என்றாலோ, ஃபர்ம்வேர் கண்ணில் பூட் லோடர் படவில்லை. செக்யூர் பூட்டையும் ஒரு பார்வை பார்க்கணும். 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்தால், க்ரப் என்கிற பூட் லோடர் விழித்துவிட்டது, தன் சொந்த ஃபைல்களைக் காணாமல் முழிக்கிறது. 'கெர்னல் பேனிக்' வந்து, ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்றால், டிஸ்க் விலாசம் தப்பு, அல்லது கெர்னலுக்குத் துணையாக வரவேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் வந்து சேரவில்லை. 'எமர்ஜென்சி மோட்' என்றால், பார்ட்டிஷன் பட்டியலான எஃப்எஸ்டாபில் ஏதோ ஒரு வரி பெரும்பாலும் இடிக்கிறது.

இந்த ஒரு பாராதான் கையேட்டில் இல்லை.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் இல்லை: எதுவும் அழிந்துபோகவில்லை. அதே பென்டிரைவைச் செருகி பூட் செய்து, பார்ட்டிஷன்களை மவுன்ட் செய்து, சேஞ்ச் ரூட் கட்டளையால் உள்ளே போய், விட்ட இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பூட் பார்ட்டிஷனையும் மறக்காமல் மவுன்ட் செய்யணும். இல்லாவிட்டால் எல்லாம் வெற்று ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். ட்ரையல் பேலன்ஸ் இடிக்கிறது என்று எந்த அக்கவுன்டன்ட்டும் பேரேட்டைக் கொளுத்துவதில்லை. எந்த என்ட்ரி என்று தேடுகிறார். இது தெரியாத புதியவர் என்ன செய்கிறார்? டிஸ்க்கை அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதே தப்பு, அதே கறுப்புத் திரை.

ஆர்ச் அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். 'இது கத்துக்குட்டிகளுக்கு இல்லை சார். பதிலெல்லாம் தனித்தனிப் பக்கங்களில் இருக்கு.' இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயர் தெரிந்தால்தானே அந்தப் பக்கத்தைத் தேட முடியும்? வயிற்றுவலிக்காரரிடம் வியாதியின் லத்தீன் பெயரைக் கேட்பது போலத்தான் இது.

கத்துக்குட்டிகள் மட்டும்தான் மாட்டுகிறார்கள் என்பதும் சரியில்லை. 2022 ஆகஸ்ட்டில் க்ரப்புக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. புது கான்ஃபிகரேஷன் ஃபைலில் இருந்த ஒரு கட்டளை, பூட் பகுதியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பழைய க்ரப்புக்குப் புரியவில்லை. நேற்றுவரை ஓடிய மெஷின்கள் மக்கர் செய்தன. ஆர்ச் குழுவே அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தபின், கூடவே குடியிருந்த சில லினக்ஸ்களும் எழுந்திருக்க மறுத்தன. தப்பு உங்களுடையதாக இல்லாமலும் கறுப்புத் திரை வரும்.

உங்கள் மெஷினுக்கு நீங்களே முதலாளி என்பதுதான் லினக்ஸ் தரும் வாக்குறுதி. அதை நம்பி வருகிற ஒருத்தர் கறுப்புத் திரையைப் பார்த்து, 'நமக்கு இது சரிப்படாது' என்று திரும்பிப் போகிறார். அவருக்குப் புத்தி போதவில்லை என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டிய நாலு வரியை யாரோ சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

நல்லவேளை, அது யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லக்கூடிய கையேடு. கடைசி வரிக்குக் கீழே இப்படி ஒன்று சேர்த்தால் போதும்: 'பூட் ஆகவில்லையா? எதையும் அழிக்காதே. பென்டிரைவை மறுபடி செருகு.'