சேத்துமானும் சிரிப்பும்

படம் எடுத்தவர் தன் படத்தைப் பார்வையாளரோடு உட்கார்ந்து பார்க்கும்போது திரையைப் பார்ப்பதில்லை. முன்வரிசைத் தலைகளைத்தான் பார்க்கிறார். யார் எங்கே சிரித்தார்கள், யார் செருமினார்கள், யார் எழுந்து போனார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார். எடிட்டிங் மேசையில் தெரியாத கணக்கு அந்த இருட்டில் தெரிந்துவிடும்.

எனக்கு இது கொஞ்சம் அனுபவம். எங்கள் சேரித் தப்பட்டைக்காரர்களைப் பற்றி ஒரு கைக்கேமராவில் இருபது நிமிடப் படம் எடுத்தேன். நகரத்து அரங்கொன்றில் போட்டார்கள். என் பெரியப்பா பண்ணைக்காரர் பையனை, பேரன் வயசுப் பையனை, 'சாமி' என்று கூப்பிடும் இடத்தில் அரங்கு சிரித்தது. வெட்டும்போது நான் அழுத இடம் அது. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதது நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அவர் அங்கே இருந்திருந்தால் ஒருவேளை அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் 'சேத்துமான்' படத்தை முன்வைத்துத்தான். பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையிலிருந்து தமிழ் இயக்கிய படம்; வசனமும் பெருமாள்முருகனே. பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. 2021இல் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2022 மே 27இல் நேராக சோனி லிவ்வுக்குப் போய்விட்டது. நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ டிக்கெட் கிழித்து யாரும் அதைப் பார்க்கவில்லை. நம் பக்கத்துப் பேச்சு இவ்வளவு சுத்தமாக ஒரு படத்தில் வந்து, அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்து அதைக் கேட்கவில்லை. ஏற்காட்டு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் படம் எடுத்த ஜில்லா இது. பெருமாள்முருகனின் அப்பா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தவர். 'நிழல்முற்றம்' நாவலே தியேட்டர் வாசலில் கிடந்த பையன்களைப் பற்றியதுதான். அந்த வாசலுக்கு இந்தப் படம் வரவில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

சேத்துமான் என்பது ஒரு மறைப்பு வார்த்தை. பன்றி தின்பதைக் கேவலம் என்று சொல்லிக்கொண்டே அதற்கு நாக்கு ஊறுகிறவர்கள், சேற்றில் புரளும் மான் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். துணையுரையில் வெறும் பன்றி என்று போட்டுவிட்டால் அந்தத் திருட்டுத்தனம் போய்விடுகிறது. வெளியூர் அரங்கு பண்ணைக்காரர் வெள்ளையனின் கறி ஆசையைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர் பேரம் பேசுவதும் பெண்டாட்டிக்குப் பயப்படுவதும் சிரிக்கும்படித்தான் இருக்கின்றன. ஆனால் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டால் அவர் பாவம், அப்பாவி ஆகிவிடுகிறார்.

எங்கள் ஊரில் பெரியம்மா வீட்டு டிவியில் பத்துப் பதினைந்து பேர் பார்த்தோம். பேரத்துக்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. கறியைக் காட்டிலேயே ஆக்கவேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிற இடத்தில்தான் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க சட்டியில ஆக்குனத வாங்கித் தின்னுட்டு, மறுநா எட்ட நில்லுன்னாங்க கண்ணு" என்றார். படத்தின் நடு நரம்பு அதுதான். ஒரு நொடியில் தொட்டுவிட்டார்.

எனக்குக் குறையும் உண்டு. பன்றியைக் கொல்லும் காட்சியில் கேமரா தேவைக்கு மேல் நிற்கிறது. பேரனைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு அலையும் பூச்சியோ (படத்தில் எல்லோரும் 'அவன், இவன்' என்கிறார்கள், நான் அவர் என்றே எழுதுவேன்) பொறுமையின் உருவமாகவே வந்து போகிறார். நம் கிழவர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி. தனியாக இருக்கும்போது பண்ணைக்காரரை அவர்கள் பண்ணும் கிண்டலைக் கேட்டால் விழா அரங்குகள் திகைத்துப்போகும். பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் மூட்டிக்கொண்ட சண்டையில் அவர் சாகிறார். அரங்கு அழுகிறது. அழவைப்பது சுலபம் தோழர்களே.

திருவனந்தபுரத்தை நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' அங்கேதான் திரையிடப்பட்டது. நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடவேண்டியிருந்தது. தன் முகத்தைத் தானே திரையில் பார்க்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கவில்லை. அதே மண்ணின் திரைப்பட விழாவில் சேத்துமான் கௌரவமாக ஓடியது சின்ன விஷயமில்லை. அதை நான் மட்டம் தட்டவில்லை.

ஆனால் அதே கேரளத்தில்தான் ஜான் ஆபிரகாம் 1986இல் 'அம்ம அறியான்' படத்தை ஜனங்களிடம் காசு பிரித்து எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். செனகலின் செம்பேன் உஸ்மான் சினிமாவை இராப்பள்ளிக்கூடம் என்று சொல்லி, கிராமங்களில் படத்தைப் போட்டு ஜனங்களோடு பேசிக்கொண்டிருந்தார். நம் இயக்குநர்கள் விழாவுக்குப் போகட்டும், விருது வாங்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? திரும்பிவரும் வழியில் ஒரு ராத்திரி சேரியில் வெள்ளைத்துணி கட்டி, கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கே சிரிப்பு வருகிறது என்று கேட்கட்டும். வசூலும் இல்லை, கைதட்டலும் நிச்சயமில்லை. பயமாகத்தான் இருக்கும்.

படம் முடிந்து டிவியை அணைத்த பிறகு பெரியம்மா கேட்டார்: "இத எடுத்த பையன் நம்மூருக்கு வருவானா?"

"தெரியலயே பெரியம்மா. எதுக்கு?"

"வந்தா கூட்டியா. கறியக் கூறு போடறது அப்பிடியில்ல. சொல்லோணும்."