விற்கக் கூடாத நிலம் கைமாறிய கதை

செங்கல்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்கீர் 1891-இல் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் தரிசு கிடந்தாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரால் அதைக் கேட்டுப் பெற முடியவில்லை, மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நிற்கிறது என்று அதில் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே அரசாணை பிறந்தது. அந்த வழியில் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். வருவாய்த் துறையினர் வாயில் அது டி.சி. (டிப்ரஸ்ட் கிளாஸ்) நிலம்.

கொடுத்த நிலம் பறிபோகாமலிருக்க, நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறிய கிரயம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து, உரிய வகுப்பினருக்கே வழங்கலாம்.

சொந்த நிலத்தை விற்கத் தடை விதித்தால் அது என்ன சொத்துரிமை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால், கடன் கொடுப்பவர் பெரும்பாலும் அதே ஊரின் பெரிய நிலக்காரர். அங்கே தடையில்லாத விற்பனை உரிமை, வட்டிக்காரர் நிலத்தை எழுதி வாங்கும் வசதியாகவே முடியும். இத்தகைய மானிய நிலங்களுக்காகக் கர்நாடகம் 1978-இல் தனிச் சட்டமே இயற்றியது; 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தடையின் அடிப்படை வலுவானது.

கோளாறு அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. வெளியாருக்கு விற்கக் கூடாது என்பதால் முறையான சந்தையில் இந்த நிலத்துக்கு விலை குறைவு. அடமான மதிப்பும் குறைவு. அவசரத்துக்கு வங்கியை நம்ப முடியாதவர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுச் சொற்பப் பணத்துக்கு நிலத்தை விடுகிறார். செல்லாத கிரயம் என்று தெரிந்தே வாங்குபவருக்கு அந்தத் தடையே மலிவு விலையைத் தருகிறது. நிபந்தனையின் பாரம் முழுவதும் ஏழையின் தலையில். மீறியவரோ பயிர் வைக்கிறார், மனை போடுகிறார்.

பதிவேடுகளில்தான் இந்த அநீதி கண்ணுக்குத் தெரியும். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே குறிப்புக் கலத்தில் நிபந்தனை நிலம் என்று எழுதியிருக்கும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியில் பல ஊர்களில் அந்தக் குறிப்பு விடுபட்டு, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டா போனது என்பது நில மீட்புப் போராளிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. இன்றைய பட்டாவை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரண நிலம்.

நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் கொடுத்த விலை பெரிது. காரணை கிராமத்தின் பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். சட்டம் தங்கள் பக்கம் இருந்தும் தெருவுக்கு வரவேண்டியிருந்தது என்பதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

காலம் கடத்துவதும் மீறியவருக்கே சாதகம். மீட்பு விண்ணப்பம் நியாயமான காலத்துக்குள் வர வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் சொன்னது. ஆறே ஆண்டில், காலவரம்பு கிடையாது என்று அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஆந்திரமோ 2023-இல், ஒப்படை பெற்று இருபது ஆண்டு கடந்த முதல் பயனாளிகளுக்கு முழு உரிமை தர வழி செய்தது. தாராளமாகத் தோன்றும் இந்த இரண்டாவது வழி, பழைய கடன்காரருக்கும் தரகருக்கும் கதவைத் திறந்துவிடும் ஆபத்துடையது.

தமிழ்நாட்டில் நிபந்தனை நீடிக்கட்டும். அதோடு, விற்றே தீர வேண்டிய குடும்பத்திடம் அரசே சந்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற இன்னொரு தலித் குடும்பத்துக்கு வழங்கட்டும். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தை ஊர்வாரியாக இன்றைய கணினிப் பட்டாவோடு ஒப்பிட்டு வெளியிடட்டும். முதல் வேலைக்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டிய தாள்கள் அரசின் ஆவண அறைகளிலேயே தேட வேண்டியவை.