வார் அறும், தோல் வெடிக்கும், மனம் உடையும்

ஒரு செருப்பு எத்தனை விதமாகக் கெட்டுப்போகும் என்று வேலூரின் பாகாயத்தில் கேட்டுப் பாருங்கள். பாகாயத்தில் மட்டுமென்ன, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் சீமை முழுவதிலும் அதற்கு ஒற்றைச் சொல்லால் பதில் வராது. வார் அறுந்திருக்கும். அட்டை பிய்ந்திருக்கும். தையல் விட்டிருக்கும். மேல்தோல் வெடித்திருக்கும். செருப்பு ஒன்றுதான், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய வினையை அளந்து வைத்திருக்கிறது தமிழ். தெருவோரம் அமர்ந்து தைப்பவர் “பிஞ்சிடுச்சா, அறுந்துடுச்சா?” என்று கேட்கிறாரே, அந்த இரண்டு சொல்லிலேயே ஊசி வேண்டுமா பசை வேண்டுமா என்பது முடிவாகிவிடுகிறது. எவ்வளவு நேர்த்தியான மொழி!

அறுதலை முதலில் பார்ப்போம். நீண்டு கிடப்பது, இழுபடுவது, எதையோ எதனோடோ பிணைப்பது, அதுதான் அறும். கயிறு அறும், நூல் அறும், மின்கம்பி அறும், அதனாலேயே உறவும் அறும். பட்டென்று அறுந்தது என்கிறோம். அந்த ‘பட்’டில் இழுவிசையின் கடைசி நொடி அப்படியே கேட்கிறது. அதே கயிறு வெயிலிலும் மழையிலும் கிடந்து, உள்ளுக்குள்ளேயே வலுவிழந்து, ஒருநாள் கை பட்டதும் விட்டுக்கொடுத்தால் அதற்கு வேறொரு சொல் காத்திருக்கிறது: இற்றுப்போனது. அறுந்ததில் ஒரு நொடி இருக்கிறது. இற்றதில் பல வருடங்கள் இருக்கின்றன. துணியானால் நைந்துபோகும். முதுமையைக்கூட இழையின் தன்மை பார்த்துப் பிரித்துச் சொல்லும் கனிவு இது.

இனி ஓர் அழகைக் கவனியுங்கள். தோல் என்னவெல்லாமோ ஆகும், ஆனால் ஒருநாளும் உடையாது. உடைவதற்கு ஒரு கட்டான வடிவம் வேண்டும். பானை உடையும், தேங்காய் உடையும், முட்டை உடையும், கண்ணாடி உடையும். பெரும்பாலும் உள்ளே எதையாவது ஏந்தியிருப்பவை இவை. ஏரியையும் இந்த வரிசையில் சேர்த்த கண்ணை என்னவென்று புகழ்வது! கரை கட்டி நீரை ஏந்தி நிற்பதால் ஏரியும் ஒரு கலம்தான். ஏரி உடைத்துக்கொண்டது என்பது நம் ஊர் வழக்கு. அந்தக் ‘கொண்டது’ எவ்வளவு நுட்பமானது! வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை, தன் நிறைவே தன்னைத் திறந்துவிட்டது. 1903 நவம்பரில் மேலே மைசூர் சீமையில் ஏரிகள் உடைத்துக்கொண்டு, அந்த நீர் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. அந்தப் பேரழிவைச் சொல்ல ‘வெடித்தது’ பொருந்தாது, ‘முறிந்தது’ பொருந்தாது. உடைத்துக்கொண்டது என்றால்தான் நீரின் கனம் நெஞ்சில் ஏறுகிறது.

முறிதலும் ஒடிதலும் உடன்பிறந்தவை. இரண்டும் நீண்டு விறைத்து நிற்பவற்றுக்கே உரியவை. ஆனாலும் முருங்கைக்கிளை ஒடியும், புளியங்கிளை முறியும். முருங்கை மெலிது, கை பட்டாலே படக்கென்று போய்விடும். புளி வைரம் பாய்ந்தது. புயலோடு மல்லுக்கு நின்று, சடசடவென்று முனகி, கடைசியில்தான் முறியும். ஒடிவதில் மென்மை இருக்கிறது, முறிவதில் எதிர்ப்பு இருக்கிறது. மெலிந்தவரை ‘ஒடிசலான உடம்பு’ என்கிறோமே, அந்தச் சொல்லில் தொட்டால் ஒடிந்துவிடுமோ என்ற பரிவும் சேர்ந்தே ஒலிக்கிறது. வண்டியின் அச்சு முறியும், வில் முறியும், எலும்பு முறியும். முறித்தலுக்கு இன்பமான முகமும் உண்டு: காலையில் எழுந்ததும் சோம்பல் முறிக்கிறோம், பிள்ளையின் கன்னம் வழித்துப் பாட்டி நெட்டி முறிக்கிறாள்.

பாகாயத்தில் நின்று இந்தச் சொல்லை நினைத்தால் மருத்துவர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வராமல் போகமாட்டார். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பழுதுபட்டு, இரு கால்களும் செயலிழந்து, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முன்னின்று உருவாக்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. உடம்பு முறிந்தவர்கள் மனம் உடையாமல் வாழக் கற்கும் இடம் அது. பாருங்கள், ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் தத்தம் இடத்தில் எவ்வளவு இயல்பாக அமர்ந்துகொள்கின்றன! மனம் உடைந்தால் துயரம். மனம் முறிந்தால் விலகல். மனமுறிவுக்குப் பின் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. மனம் நொறுங்கினால் ஒட்டவைக்கத் துண்டுகூடக் கிடைப்பதில்லை. நெஞ்சு வெடித்தால் அடக்கி வைத்தது அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது.

அந்த ‘வெடி’க்கு இப்போது வருவோம். உள்ளிருந்து எழும் விசைக்கு உரிய சொல் இது. முற்றிய பருத்திக்காய் வெடிக்கும், எண்ணெயில் கடுகு வெடிக்கும், நீர் வற்றிய ஏரித்தரை வெடிக்கும். வேலூரின் மண்டை பிளக்கும் வெயிலில் குதிகால் வெடிக்கும், பித்தவெடிப்பு என்கிறோம். இதன் இலக்கணம் இன்னும் இனியது. பானை தானாக உடைந்தது; அவன் அதை உடைத்தான். தன்வினைக்கு மெல்லின ‘ந்த’, பிறவினைக்கு வல்லின ‘த்த’. முறிந்தது, முறித்தான், ஒடிந்தது, ஒடித்தான், தகர்ந்தது, தகர்த்தான். வெடியோ இந்தப் பணிவுக்கு உடன்படுவதில்லை. தானாக நிகழும்போதும் வெடித்தது என்று வல்லொற்றோடுதான் வரும். தெறித்தது என்பதும் அப்படியே; முளைத்தது, பூத்தது, காய்த்தது, பழுத்தது என்பவையும் அப்படியே. தன் வலிமையால் தானே நிகழும் இவற்றிலெல்லாம் அந்த அழுத்தம் கூடவே நிற்பதைக் கேட்கக் கேட்கச் செவி குளிர்கிறது.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியையும் இந்தச் சொல்லாலேயே குறிக்கிறோம். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை ஆங்கிலேய அதிகாரிகள் சிப்பாய்கள் மீது திணித்தார்கள். மே மாதம் அதை மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. உள்ளே குமுறியது ஜூலையில் வெடித்தது. போர் மூளும், நெருப்பு மூள்வது போலவே மெல்லப் பற்றும். அடக்கியது வெடிக்கும். புரட்சி வெடித்தது என்று எழுதும்போதே அதற்கு முன் ஓர் அடக்குமுறை இருந்தது என்று சொல்லிவிடுகிறோம்.

தோலின் வெடிப்பை அளக்க ஒரு கருவியே உண்டு; லாஸ்டோமீட்டர் என்பார்கள். வட்டமாக வெட்டிய தோலின் விளிம்பை இறுகப் பிடித்து, நடுவில் சிறிய எஃகு உருண்டையை மெல்ல மெல்ல மேலே உந்துவார்கள். தோல் குமிழாகப் புடைக்கும். முதலில் கிரெய்ன் எனப்படும் மேற்பரப்பில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும், அது வெடிப்பு. இன்னும் உந்தினால்தான் உருண்டை துளைத்துக்கொண்டு வெளிவரும், அது கிழிவு. இரண்டையும் தனித்தனி அளவாகக் குறித்துக்கொள்வார்கள். கால்வடிவக் கட்டையில் இழுத்துப் போர்த்தும்போது ஷூவின் முனையில் தோல் தாங்குமா என்பது இதில் தெரிந்துவிடும். கருவி பிரித்துக் காட்டும் அந்த இரு கணங்களையும் நம் பேச்சு வெகுகாலமாகவே பிரித்து வைத்திருக்கிறது: மேலே வெடிக்கும், ஊடே கிழியும்.

மென்மையாகத் திறப்பவற்றுக்கும் மொழியில் குறையில்லை. மொட்டு அவிழும், விண்டு மலரும். ஊற்று பீறிடும், அழுகையும் பீறிடும். கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆடி கழிந்த ஒரு மாலையில் வானமும் பொத்துக்கொண்டு ஊற்றும். தூள்தூளாக நொறுங்கும், சுக்குநூறாக உடையும், சில்லுசில்லாகச் சிதறும். ‘ஒடி’, ‘முறி’ என்ற சொற்கள் குறிலிரண்டில் சட்டென்று முடிந்துவிடுகின்றன. ‘நொறுங்கு’ என்ற சொல்லோ நாவில் சற்று நேரம் அரைபட்டுத்தான் இறங்குகிறது. சொல்லும் செயலும் ஒரே தாளத்தில் நடக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினாலும், 1992இல் வந்த க்ரியா அகராதியைப் புரட்டினாலும் இந்த வினைகள் வரிசையாக நிற்கக் காணலாம். ஆனால் அவற்றுக்கு உயிர் இருப்பது அடுக்களையிலும் பட்டறையிலும் பேருந்து நிறுத்தத்திலும்தான். அடுத்த முறை வீட்டில் ஏதாவது போய்விட்டால், ‘உடைந்துவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லி நகராதீர்கள். ஒரு கணம் நின்று, அறுந்ததா, ஒடிந்ததா, பிய்ந்ததா, வெடித்ததா, இற்றதா என்று பார்த்து, அதற்குரிய சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லுங்கள்.